முறுக்கு அளவை படி, ஆழாக்குல இருந்து கிராமுக்கு மாத்தணும், நெட்ல ஆளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க

திருமங்கலத்து மருமகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர் வந்திருக்கு, 10 கிலோ. எங்க வீட்ல முறுக்குன்னா அத்தை கணக்குதான், நாலுக்கு ஒண்ணு உளுந்து, வெண்ணெய் பெரிய நெல்லிக்காய் அளவு, உப்பு கைல அள்ளிப் போடுறது, அவ்வளவுதான். அவங்க கைக்கு அது சரியா வந்துடுது. ஆனா ஆர்டர்னு வந்தப்புறம் ஒவ்வொரு ஈடும் ஒரே மாதிரி இருக்கணும், நாளைக்கு இன்னொருத்தர் மாவு பிசைஞ்சாலும் அதே ருசி வரணும்னு ஆசை, அதான் எல்லாத்தையும் கிராம்ல எழுதி வெச்சுக்கலாம்னு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிட்டேன்.

இப்ப பிரச்சனை என்னன்னா அரிசி மாவு ஒரு கப் எத்தனை கிராம்னு தேடினா ஒரு இடத்துல 128னு இருக்கு, இன்னொரு இடத்துல 158, ஒரு வீடியோல 150ங்கிறாங்க. சரி நம்மளே அளந்துடுவோம்னு தராசுல வெச்சா 142 காட்டுது, மாவைக் கொட்டிட்டு திரும்ப எடுத்து வெச்சா 155. அதே மாவு, அதே கப்பு, அதே தராசு. இதுல எதை நம்பி கணக்கு போடுறது?

இன்னொண்ணு, நாலுக்கு ஒண்ணுன்னா எடையிலயும் 4 கிலோ அரிசி மாவுக்கு 1 கிலோ உளுத்தம் மாவுன்னு எடுத்துக்கலாமா? எங்க வீட்ல ஆழாக்குதான் இருக்கு, அதை கப்புக்கு மாத்தி அப்புறம் கிராமுக்கு மாத்தணுமா இல்ல நேரா மாத்தலாமா? அனுபவம் உள்ளவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க, ஆர்டருக்கு இன்னும் நாள் இருக்கு, ஒரு டிரையல் போட்டுப் பாக்குறதுக்கு டைம் இருக்கு.

கோவை கேக்வீடு:

சிஸ்டர், உங்க தராசு மேல சந்தேகமே வேணாம், அது சரியாத்தான் காட்டுது. மாவுங்கிறது பொடி, பொடிக்கு நடுவுல காத்து இருக்கும், நீங்க எப்படி எடுக்குறீங்களோ அதைப் பொறுத்து உள்ள இருக்கிற காத்து கூடும் குறையும். சலிச்ச மாவை ஸ்பூனால அள்ளி மெதுவா கப்ல போட்டு மேல கத்தியால வழிச்சு விட்டா ஒரு எடை, டப்பாக்குள்ள கப்பை விட்டு அமுக்கி எடுத்தா ஒரு எடை, எடுத்துட்டு மேடையில ரெண்டு தட்டு தட்டினா இன்னும் கூடும். நான் கேக் பண்றவ, மைதா ஒரு கப்புக்கு மெதுவா போட்டா 120, 125 வரும், அமுக்கி எடுத்தா 150 வரைக்கும் போகும், ஒரே பாக்கெட் மாவுலதான் சொல்றேன். மூணு கப் போடுற கேக்குக்கு கிட்டத்தட்ட 80, 90 கிராம் மாவு கூடிடும், அப்புறம் கேக் கல்லு மாதிரி இருக்குன்னா முட்டை மேலயும் ஓவன் மேலயும் பழி போட்டு என்ன பிரயோஜனம்.

சர்க்கரைல இந்தத் தொல்லை கம்மி, மணி மணியா இருக்கிறதால அமுங்காது, கப்புக்கு 200 கிராம்தான் எப்பவும். அதையே மிக்சியில பொடிச்சுட்டீங்கன்னா கப்புக்கு 120 கிட்டதான் வரும். அதனால ரெசிபில "ஒரு கப் சர்க்கரை பொடிச்சது"ன்னு போட்டிருந்தா பொடிக்கிறதுக்கு முன்னாடி அளக்கணுமா பின்னாடி அளக்கணுமான்னு பாக்கணும், இனிப்பு பாதிக்குப் பாதி மாறிடும். கடலை மாவு சலிச்சு எடுத்தா 92 கிராம்தான் நிக்கும். ரவை 165, 170. வெண்ணெய் 227. எண்ணெய் 218. தேன் 340. தண்ணி மட்டும்தான் மில்லியும் கிராமும் ஒண்ணு, அதை வெச்சு எல்லாத்துக்கும் ஒரு கப்னா 240 கிராம்னு கணக்கு போடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

அப்புறம் கப்பே ஒண்ணு கிடையாது. அமெரிக்கா கப் 237 மில்லி சொச்சம், பாக்கெட் லேபிள்ல 240ன்னு எடுத்துக்குவாங்க, ஆஸ்திரேலியா கப் 250, ஜப்பான் கப் 200, ரைஸ் குக்கரோட குடுக்குற பிளாஸ்டிக் கப் இருக்கே அது 180. ஆஸ்திரேலியாக்காரங்க டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மத்தவங்களுக்கு 15. நம்ம ஊர் கடையில விக்கிற கப் செட்டுல 240ம் இருக்கு 250ம் இருக்கு, அடியில ஒண்ணு எழுதியிருக்கும் உள்ள பிடிக்கிறது வேறயா இருக்கும். அதனால முதல்ல உங்க பாத்திரத்தை தராசுல வெச்சு ஜீரோ அழுத்திட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க, தராசு எத்தனை கிராம் காட்டுதோ அத்தனை மில்லி உங்க பாத்திரம். ஆழாக்கும் அதே மாதிரிதான், கப்புக்கு மாத்த வேண்டிய அவசியமே இல்ல, நடுவுல ஒரு கணக்கு கூடினா ஒரு தப்பு கூடும். எந்தப் பாத்திரத்துல அத்தை அளப்பாங்களோ அதே பாத்திரம், எப்படி அள்ளுவாங்களோ அதே மாதிரி அள்ளச் சொல்லி, அந்த மாவை எடை போட்டு எழுதுங்க. நாலஞ்சு தடவை அள்ளச் சொல்லி சராசரி எடுத்தா போதும். நெட்ல இருக்கிற நம்பர் அவங்க மாவுக்கு, அவங்க கைக்கு.

கும்பகோணம் பந்திக்கட்டு:

அம்மாடி, கோவை தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும், உங்க அத்தை நாலுக்கு ஒண்ணுன்னு சொன்னது அரிசியும் உளுந்துமா இல்ல அரிசி மாவும் உளுத்தம் மாவுமா? கேள்வியில அரிசி மாவுன்னு எழுதியிருக்கீங்க, ஆனா பழைய ஆளுங்க யாரும் மாவை அளந்து கலக்க மாட்டாங்க. அரிசியைக் கழுவி உலர்த்தி, உளுந்தை சிவக்க வறுத்து, ரெண்டையும் தானியமாவே படியில அளந்து ஒண்ணாக் கொட்டி மிஷினுக்குக் குடுத்துடுவாங்க. கடையில மாவு பாக்கெட் வாங்குற காலம் வந்தப்புறம்தான் நாலு கப் அரிசி மாவுக்கு ஒரு கப் உளுத்தம் மாவுன்னு ஆச்சு. பேரு ரெண்டுக்கும் நாலுக்கு ஒண்ணுதான், ஆனா பண்டம் ஒண்ணு இல்ல.

ஏன்னு பாருங்க. தானியமா இருக்கையில பச்சரிசியும் உருட்டு உளுந்தும் ஒரே படிக்கு ஏறத்தாழ ஒரே எடைதான் நிக்கும், உளுந்து ஒரு பிடி கூட இருக்கும். அதனால தானியத்துல நாலு படிக்கு ஒரு படின்னா எடையிலயும் 4 கிலோவுக்கு 1 கிலோ, கண்ணை மூடிட்டு எடுக்கலாம். மாவானப்புறம் கதை வேற. மிஷின்ல அரைச்ச உளுத்தம் மாவு லேசு, உப்பிக்கிட்டு நிக்கும், அரிசி மாவு கனம். மாவா நாலு கப்புக்கு ஒரு கப் எடுத்தா எடையில நாலேமுக்கால், அஞ்சுக்கு ஒண்ணுதான் வரும், உளுந்து குறைஞ்சு போச்சு. அந்த ரெசிபியைப் பாத்துட்டு எடையில 4 கிலோ மாவுக்கு 1 கிலோன்னு போட்டீங்கன்னா அவங்க சொன்னதை விட உளுந்து கூடிப் போச்சு, எண்ணெயில சீக்கிரம் சிவந்துரும், உள்ள வேகுறதுக்குள்ள எடுக்க வேண்டி வரும். ரெண்டுமே முறுக்குதான், ரெண்டுலயும் நல்லது உண்டு, ஆனா உங்க அத்தை முறுக்கு எதுன்னு முதல்ல அவங்ககிட்டயே கேட்டுக்குங்க.

படின்னு பொதுவா சொல்றதும் ஆபத்துதான். எட்டு ஆழாக்கு ஒரு படிங்கிறது பட்டணம் படிக்கு, ஊருக்கு ஊர் சின்னப் படி பெரிய படின்னு உண்டு, கொங்குப் பக்கம் வள்ளம்னு அளப்பாங்க. 1956ல எடையளவுச் சட்டம் வந்து கொஞ்சம் கொஞ்சமா கிலோ லிட்டர் வந்துடுச்சு, ஆனா சமையக்கட்டுல படி போகல, பித்தளைல இரும்புல எவர்சில்வர்ல அவங்கவங்க வீட்ல ஒண்ணு இருக்கும், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. தலை தட்டி அளக்குறவங்க உண்டு, குவிச்சு அளக்குறவங்க உண்டு, குவிச்சா அரிசியில அஞ்சாறு பிடி கூடப் போகும். இதையும் அத்தைகிட்ட கேட்டுக்கணும், கேட்டா சொல்ல மாட்டாங்க, எப்பவும் அப்படித்தானே அளப்பேம்பாங்க, அளக்கச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க.

நாங்க பந்திக்கு சாமான் லிஸ்ட் எழுதுறது எல்லாம் எடைதான். அதிரசத்துக்கு ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம்னா அந்த ஒரு கிலோ ஊற வைக்கிறதுக்கு முன்னாடி இருந்த காஞ்ச அரிசி. ஊறின அரிசி கால் பங்குக்கு மேல தண்ணி குடிச்சிருக்கும், அதை நிழல்ல உலர்த்தி ஈரத்தோட இடிச்ச மாவை ஒரு கிலோ நிறுத்து முக்கால் கிலோ வெல்லம் போட்டா பாகு கூடிப் போய் எண்ணெயில பிரிஞ்சு போகும். எடை நல்லதுதான், ஆனா எந்த நிலையில இருக்கிற பண்டத்தோட எடைன்னு பக்கத்துல எழுதணும். காஞ்சதா ஈரமா, வறுத்ததா பச்சையா, தோலோடவா தோல் இல்லாமயா. அதை எழுதாத கிராம் கணக்கு ஆழாக்கு கணக்கை விட மோசம்.

ரொறன்ரோவில் ஒரு யாழ்ப்பாணத்தாள்:

இந்தக் கதையை வாசிக்க எனக்கு எங்கட வீட்டு ரின்பால் பேணிதான் (கண்டென்ஸ்ட் மில்க் டின்) ஞாபகம் வருது. எங்கட ஆக்கள் அரிசி, மா, சீனி எல்லாத்தையும் சுண்டு எண்ட அளவுப் பாத்திரத்தாலயும் பால்பேணியாலயும்தான் அளக்கிறது, அம்மா இப்பவும் போனில "மூண்டு பேணி அரிசிமா" எண்டுதான் சொல்லுவா. அதை இஞ்ச இருந்து கிராமுக்கு மாத்த வெளிக்கிட்டால் ஒரு விசயம் விளங்கும், பேணிக்கு மேல எழுதியிருக்கிற எடையை அப்பிடியே எடுக்கக் கூடாது. அமெரிக்காவில ரின்பால் பேணியில 14 அவுன்ஸ், 397 கிராம் எண்டு இருக்கும். கனடாவில கிட்டத்தட்ட அதே அளவுப் பேணியில 300 மில்லி எண்டு போட்டிருப்பாங்கள். ரெண்டும் சரி, ரின்பால் தண்ணியை விட நல்ல பாரம், 300 மில்லி அளவு ரின்பால் 400 கிராம் கிட்ட வரும். அப்ப அந்தப் பேணியில மா அளந்தால் 300 மில்லிதான், 397 கிராம் மா எண்டு நினைச்சால் ரெண்டு மடங்குக்குக் கிட்டப் பிழைக்கும்.

அவுன்சும் அப்பிடித்தான், எடை அவுன்ஸ் 28 கிராம் சொச்சம், நீர் அவுன்ஸ் 29 மில்லி சொச்சம், ரெண்டுக்கும் பேர் ஒண்டு. அமெரிக்க ரெசிப்பியில ஒரு கப் எண்டால் 8 நீர் அவுன்ஸ். அதைப் பாத்து 8 அவுன்ஸ் கோதுமைமா எண்டு தராசில நிறுத்தால் 227 கிராம் விழும், உண்மையில ஒரு கப் மா 120, 125 கிராம்தானே. பட்டருக்கும் தண்ணிக்கும் மட்டும் அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும், அதாலதான் ஆக்கள் எல்லாத்துக்கும் சரி எண்டு நினைச்சுப் போடுகினம். இஞ்ச பட்டர் கட்டி ஒரு ஸ்டிக் எண்டால் அரைக் கப், 113 கிராம், கடதாசியில கோடு போட்டே இருக்கும், அதைப் பாத்து வெட்டலாம்.

இந்தக் கப் பழக்கத்துக்கும் ஒரு காரணம் இருக்கு. அந்தக் காலத்தில அமெரிக்காவிலயும் ஒரு முட்டையளவு பட்டர், ஒரு கைப்பிடி மா எண்டுதான் எழுதுவினம். பொஸ்ரனில சமையல் பள்ளிக்கூடம் நடத்தின ஃபேனி ஃபார்மர் எண்ட அம்மா 1896ல போட்ட சமையல் புத்தகத்தில கப்பையும் கரண்டியையும் தலை தட்டி மட்டமா அளக்க வேணும் எண்டு வலியுறுத்திச் சொன்னவ. தராசு இல்லாத வீட்டுக்கும் ஒரே மாதிரி வர வேணும் எண்டதுதான் நோக்கம். எங்கட பேணியும் ஆழாக்கும் செய்யிற வேலையும் அதுதான், குறைவா நினைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. தங்கச்சி நீங்கள் ஆழாக்கை விட வேணாம், அதுக்குள்ள எவ்வளவு பிடிக்குது எண்டதை மட்டும் எழுதி வையுங்கோ.

கைப்பக்குவம்:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இவ்வளவு சிக்கல் எதுக்கு? ஒரே பாத்திரத்துல நாலு, அதே பாத்திரத்துல ஒண்ணு, விகிதம் தானா சரியா வந்துடப் போகுது. 10 கிலோன்னா பெரிய பாத்திரம் எடுத்துக்குங்க. நம்ம பாட்டிங்க யாரும் தராசு வெச்சுக்கிட்டு முறுக்கு சுடல, பதம் கைல தெரியும். மாவு ஒவ்வொரு ஈடுக்கும் மாறும், புது அரிசி பழைய அரிசி மாறும், மழை நாள் வெயில் நாள் மாறும், கிராம் எழுதி வெச்சா மட்டும் பதம் வந்துடுமா?

கோவை கேக்வீடு:

நீங்க சொல்றதுல பாதி முழு உண்மை. தானியத்தை ஒரே பாத்திரத்துல அளந்தா விகிதம் மாறாது, தானியம் அமுங்காது, அதுக்கு தராசே வேணாம். மாவை அளக்கும்போதுதான் பிரச்சனை, முதல் கப்பை அமுக்கி அள்ளி நாலாவது கப்பை லேசா அள்ளினா ஒரே பாத்திரமா இருந்தாலும் விகிதம் போச்சு, பெரிய பாத்திரம்னா மாவு தன் கனத்துலயே கீழ அமுங்கும், அது இன்னும் கூடுதல். பதம் கைலதான்னு நீங்க சொல்றது தண்ணிக்கு சரி. மாவு, உப்பு, வெண்ணெய் இதெல்லாம் எடையில நிறுத்திட்டா கைக்கு ஒரே ஒரு வேலைதான் மிச்சம், தண்ணி எவ்வளவு விடலாம்ங்கிறது. எல்லாமே ஆடிக்கிட்டு இருந்தா எது தப்பாச்சுன்னே கண்டுபிடிக்க முடியாதே. பாட்டிக்கு வீட்டுக்கு சுட்டா போதும், இவங்க ஆர்டர் எடுத்திருக்காங்க, காசு குடுக்கிறவங்களுக்கு போன வருஷம் சாப்பிட்ட அதே முறுக்கு இந்த வருஷமும் வேணும்.

திருமங்கலத்து மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கல. கும்பகோணம் ஐயா கேட்ட மாதிரி அத்தைகிட்ட கேட்டேன், ஐயா சொன்னதேதான், அவங்க தானியமா அளந்துதான் மிஷினுக்கு அனுப்புவாங்களாம், மாவு பாக்கெட் எல்லாம் நான் வந்தப்புறம்தான் வீட்டுக்குள்ள வந்துச்சாம். நான் மாவுன்னே நினைச்சுக்கிட்டு இருந்தேன், கேட்டதுக்கு அப்புறம்தான் தெரியுது.

அளந்ததை போடுறேன், சரியான்னு பாருங்க. எங்க வீட்டு ஆழாக்குல தண்ணி 200 கிராம் பிடிக்குது. அத்தை தலை தட்டித்தான் அளக்குறாங்க. பச்சரிசி ஒரு ஆழாக்கு சராசரி 164 கிராம், உருட்டு உளுந்து 170. அதே அரிசி மாவா சலிச்சு அளந்தா 115, உளுத்தம் மாவு 95. அப்ப தானியத்துல நாலுக்கு ஒண்ணுன்னா 656க்கு 170, மாவுல நாலுக்கு ஒண்ணுன்னா 460க்கு 95. 5 கிலோ மாவுக்கு கணக்கு போட்டா தானிய முறையில உளுந்து 1 கிலோ 30 கிராம் கிட்ட வருது, மாவு முறையில 855 கிராம்தான். 170 கிராமுக்கு மேல வித்தியாசம்! ரெண்டையும் நாலுக்கு ஒண்ணுன்னுதான் எல்லாரும் எழுதுறாங்க.

இப்ப உப்பும் வெண்ணெயும் எப்படி மாத்துறது? ஓமம், பெருங்காயம் எல்லாம் தராசுல காட்டவே மாட்டேங்குது, கால் ஸ்பூன் வெச்சா ஜீரோவுலயே நிக்குது. அப்புறம் 10 கிலோ முறுக்குக்கு எத்தனை கிலோ மாவு போடணும்?

உணவு அறிவியல் படிப்பவன்:

அக்கா, கணக்கு கரெக்ட். வறுக்கும்போது உளுந்துல ஈரம் போயி எடை கொஞ்சம் குறையும், அதனால உளுந்தை வறுக்கிறதுக்கு முன்னாடி நிறுத்ததா பின்னாடி நிறுத்ததான்னு ஐயா சொன்ன மாதிரி பக்கத்துல எழுதிக்கங்க.

உப்பை ஸ்பூன்ல விடுறதுதான் இருக்கிறதுலயே பெரிய ஆபத்து. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் தலை தட்டினா 6 கிராம் கிட்ட நிக்கும். கல்லுப்பு அதே ஸ்பூன்ல குறைச்சலாத்தான் நிக்கும், கல்லுக்கு கல்லு நடுவுல இடைவெளி, கல்லு பெருசா இருந்தா இன்னும் குறையும். வெளிநாட்டு ரெசிபில கோஷர் உப்புன்னு வரும், அதுல ஒரு பிராண்ட் டீஸ்பூனுக்கு 3 கிராம் கூட வராது, அந்த ஸ்பூன் கணக்குல நம்ம தூள் உப்பைப் போட்டா ரெண்டு மடங்கு கரிக்கும். ஆனா கிராம்ல எடுத்தா கல்லுப்பும் தூளுப்பும் கிட்டத்தட்ட ஒண்ணேதான். அதனால அத்தையை எப்பவும் போல உப்பு அள்ளச் சொல்லுங்க, ஆனா உப்பு டப்பாவை தராசு மேல வெச்சு ஜீரோ அழுத்திட்டு அதுல இருந்து அள்ளச் சொல்லுங்க, எவ்வளவு எடுத்தாங்களோ அது மைனஸ்ல காட்டும். கைல அள்ளினதை கப்ல கொட்டி அளக்க வேண்டிய வேலையே இல்ல. வெண்ணெய்க்கும் இதே வழிதான், பெரிய நெல்லிக்காய் எத்தனை கிராம்னு யாரும் யோசிக்க வேணாம், டப்பால இருந்து குறைஞ்சது எவ்வளவுன்னு பாத்தா போதும்.

எழுதும்போது மொத்த எடையா எழுதாம மாவு ஒரு கிலோவுக்கு எவ்வளவுன்னு எழுதுங்க. உப்பு கிலோவுக்கு 18 கிராம்னு வந்தா 5 கிலோவுக்கு 90, 8 கிலோவுக்கு 144, எத்தனை கிலோ ஆர்டர் வந்தாலும் ஒரே பெருக்கல். பேக்கரில எல்லாம் இப்படித்தான், மாவை 100னு வெச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் அதுக்கு எத்தனை சதவீதம்னு எழுதுவாங்க. வெண்ணெய் வீட்ல கடைஞ்சதுன்னா அதுல தண்ணி கூட இருக்கும், கடை வெண்ணெய்க்கு மாறினா கொழுப்பு கூடும், முறுக்கு உதிர ஆரம்பிக்கும், அதனால எந்த வெண்ணெய்னும் எழுதிக்கங்க.

பெருங்காயம், ஓமம் விஷயத்துக்கு ரெண்டு வழி. ஒவ்வொரு கிராமா மட்டும் காட்டுற தராசுல கால் ஸ்பூனை வெச்சா அது சரியா பிடிக்காது, அதுக்கு பதிலா பத்து ஸ்பூன் தலை தட்டி ஒண்ணாக் கொட்டி நிறுத்து பத்தால வகுத்துக்கங்க. இல்லன்னா சின்ன பாக்கெட் தராசு வரும், 0.1 கிராம் வரைக்கும் காட்டுறது, அதுல நிறுக்கலாம். நீங்க போடுற அளவு பெருசாயிட்டா இந்தத் தொல்லையே வராது, 5 கிலோ மாவுக்குப் போடுற ஓமம் சாதா தராசுலயே நல்லாத் தெரியும்.

தண்ணிக்கு மட்டும் நிரந்தரமா ஒரு நம்பர் எழுதாதீங்க. கழுவி உலர்த்தின அரிசியில ஈரம் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் மாறும். முதல் ஈடுக்கு ஊத்தின தண்ணியை மட்டும் நிறுத்து குறிச்சு வெச்சுக்கங்க, அடுத்த ஈடுக்கு அதுல முக்கால்வாசியை ஒரே தடவையா ஊத்திட்டு மிச்சத்தை கைப் பதம் பாத்து விடலாம், அது முழுசாத் தேவைப்பட்டாலும் படலாம் படாமலும் போகலாம்.

எத்தனை கிலோ மாவுங்கிறதுக்கு நெட்ல பதில் தேடாதீங்க. மாவுல ஊத்தின தண்ணி வேகும்போது ஆவியாப் போகும், எண்ணெய் உள்ள போகும், எவ்வளவு போகும்ங்கிறது உங்க அச்சு, உங்க சூடு, முறுக்கோட தடிமன் பொறுத்தது. டிரையலுக்கு ஒரு கிலோ மாவு போட்டு சுட்டு, ஆற விட்டு, எண்ணெய் வடிஞ்சப்புறம் நிறுத்துப் பாருங்க. உடைஞ்சது, ருசி பாத்தது எல்லாத்தையும் கழிச்சு விக்கிற மாதிரி நல்ல முறுக்கு எவ்வளவு கிடைச்சதோ அதை வெச்சு 10 கிலோவுக்கு வகுத்துக்கங்க. அடுப்புல வைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெயையும் சட்டியோட நிறுத்து, முடிஞ்சு நல்லா ஆறினப்புறம் திரும்ப நிறுத்தா எவ்வளவு எண்ணெய் செலவாச்சுன்னும் தெரிஞ்சுடும், விலை போடுறதுக்கு அது ரொம்ப உதவும். எண்ணெய் வாங்கும்போது லிட்டரா கிலோவான்னும் பாருங்க, ஒரு லிட்டர் 910 கிராம் கிட்டதான், பாக்கெட்ல ரெண்டும் போட்டிருக்கும். ஒரு கடையில 15 கிலோ டின், இன்னொரு கடையில 15 லிட்டர் டின்னு விலை சொன்னா ரெண்டும் ஒண்ணு இல்ல, ஒண்ணே கால் கிலோவுக்கு மேல வித்தியாசம்.

திருமங்கலத்து மருமகள்:

தம்பி, டப்பாவை தராசுல வெச்சு மைனஸ் பாக்குறது அருமையான வழி, அத்தையை இப்பவே அள்ளச் சொல்லிப் பாத்துட்டேன், உப்பு தம்பி சொன்ன மாதிரி கிலோவுக்கு 17, 18தான் வருது, அவங்க கை அவ்வளவு நிதானம். கடைசியா ஒரு சந்தேகம், இதே கிச்சன் தராசுலயே கால் கிலோ, அரை கிலோன்னு நிறுத்து பாக்கெட் போட்டுக் குடுக்கலாமா?

கும்பகோணம் பந்திக்கட்டு:

அது மட்டும் வேணாம்மா. மாவு நிறுக்குறதுக்கு, உப்பு நிறுக்குறதுக்கு உங்க தராசு தாராளமாப் போதும், ஆனா எடை சொல்லி காசு வாங்குற தராசுக்கு அரசாங்க முத்திரை இருக்கணும், 2009ம் வருஷ சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. தமிழ்நாட்டுல அதை தொழிலாளர் துறைதான் பாக்குது, முத்திரை போட்ட எலக்ட்ரானிக் தராசு கடையில கிடைக்கும், வாங்கும்போதே முத்திரையும் சான்றிதழும் கேட்டு வாங்குங்க, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை திரும்ப முத்திரை வைக்கணும். இந்த ஒரு ஆர்டருக்கு மட்டும்னா முத்திரைத் தராசு வெச்சிருக்கிற தெரிஞ்ச மளிகைக் கடையில குடுத்து நிறுத்து வாங்கிக்கலாம். தொடர்ந்து பண்ணப் போறீங்கன்னா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவும் பண்ணிடுங்க, வீட்ல இருந்து பண்ற சின்ன அளவு வியாபாரத்துக்கும் அது வேணும்.

பாக்கெட் கவரோட எடையைக் கழிச்சுட்டு நிறுங்க, அரை கிலோன்னு போட்டா உள்ள முறுக்கு மட்டும் அரை கிலோ இருக்கணும். முறுக்கு ஆறுறதுக்கு முன்னாடி கட்டாதீங்க, சூடா கட்டினா உள்ள வேர்த்து நமத்துப் போகும். டிரையல் போட்டதும் ஒரு கிலோவுக்கு எவ்வளவு தேறுச்சுன்னு இங்க வந்து எழுதுங்க, அடுத்து கேக்குறவங்களுக்கு உதவும்.